உப்பு வேண்டாதவர்

முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் மலைக்கு வருகிறவர்களை நான் குறை சொல்லக் கூடாது. அவர்களுக்குச் சமைத்துப் போட்டுத்தான் என் அடுப்பு எரிகிறது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். ஊரிலிருந்து ஒரு வீட்டையே பைக்குள் திணித்துத் தூக்கி வருவார்கள். மூச்சு வாங்கும் உயரம் வந்ததும் அந்த வீட்டை எங்கள் கழுதை முதுகில் ஏற்றிவிட்டு, இரண்டு கையிலும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வெறும் ஆளாக நடப்பார்கள். கணவாயைத் தாண்டி வைராமார்க்கா இடிபாட்டைப் பார்த்ததும் தலைவலியெல்லாம் மறந்துபோகும். கல்லைத் தடவுவார்கள், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள், சிலர் அழுவார்கள். நாங்கள் அங்கே அழுவதில்லை. வந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்புவோம்.

நான் சமையல்காரி. என் புருஷன் இலாரியோ கோவேறு கழுதைக்காரன். என்னை அவன் கூப்பிடுவது கிளி என்று. வாய் ஓயாதவளாம். கல்யாணமான நாளிலிருந்து கிளிதான். அவன் அக்கா புருதென்சியாவுக்கு நான் "ஏ புள்ள". பை சுமந்து வருகிறவர்களுக்கு நான் சமையலம்மா. மெல்ச்சோரா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்கும் எனக்கும்தான் நினைவிருக்கும்.

வைராமார்க்காவின் வாசலில் மூன்று கோக்கா இலையை விரலிடுக்கில் பிடித்து ஊதி, மலை ஐயாவிடமும் பழையவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்போம். பழையவர்கள் என்றால், சூரியன் முதன்முதலாக உதிப்பதற்கு முன்னால் நிலா வெளிச்சத்திலேயே வாழ்ந்தவர்கள். சூரியன் வந்ததும் காய்ந்து கருகி அந்தச் சுவர்களுக்குள்ளேயே தங்கிப்போனவர்கள். ஞானஸ்நானம் இல்லாதவர்கள், அப்போது பாதிரியார் நாக்கில் வைக்கிற உப்புப் படாதவர்கள். அவர்களுடைய சுவர்மேல் உட்காரக் கூடாது. உடுத்திய துணியை அங்கே விட்டுவிட்டு வரக் கூடாது. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மழையில் நின்றால் நனைவோம் என்று யாராவது சொல்லியா கொடுப்பார்கள்?

ஒரு தடவை அப்படி வந்தவன் கஸ்தோன். அர்ஜென்டினாக்காரன், கழுத்து நீண்டவன், எல்லாவற்றுக்கும் சிரிப்பவன். இலாரியோவுக்கு அப்படி ஒருவன் கிடைத்துவிட்டால் போதும், கிறுக்குப் பிடித்துவிடும். நான் கீழே கூடாரத்தருகில் சூப் வைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் இடிபாட்டின் மேல் தட்டுக்குப் போயிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. அதன் பிறகு கல் சரியும் சத்தம். அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை, காற்றுகூட.

ஓடிப்போய்ப் பார்த்தால் இலாரியோ சுவரடியில் விழுந்து உட்கார்ந்திருந்தான். மேலிருந்து ஒரு கல் நழுவி அவன் காதோரமாக விழுந்திருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை.

"என்னய்யா ஆச்சு? அடிபட்டுச்சா?" என்றேன்.

"இல்ல" என்றான். கிளி என்று சொல்லவில்லை. கண் என்மேல் இருந்தது, ஆனால் பார்வை இல்லை. பூட்டிய வீட்டின் கதவைத் தட்டியது மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்தும் அப்படியே கிடந்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் படுத்ததுதான். சாப்பாடு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நல்ல டாக்டர் பெண். அவள் பார்க்க முடிந்ததைப் பார்த்தாள்.

புருதென்சியா வந்து தம்பியின் நாடியைப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏ புள்ள, இவன் இங்க இல்ல. பயந்த எடத்துலயே நின்னுட்டான். இப்பிடியே விட்டா உள்ளாள் இல்லாத ஒடம்பு காஞ்சு போயிரும். அடுத்த பௌர்ணமி தாங்காது. போயிக் கூட்டிட்டு வா."

எங்களில் ஒவ்வொருவருக்குள்ளும் ஓர் உள்ளாள் உண்டு. பெரிய பயம் வந்தால் குழந்தை கையை உதறிக்கொண்டு ஓடுகிற மாதிரி அது ஓடிப்போய், பயந்த இடத்திலேயே நின்றுவிடும். அதைப் போய்க் கூப்பிட வேண்டும். துவைக்காத, அவர் உடுத்திய துணி வேண்டும். ஞானஸ்நானப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பட்டப்பெயருக்கும் செல்லப்பெயருக்கும் உள்ளாள் அசையாது. வந்தது என்று தெரிந்ததும் துணியைத் தரையில் இழுத்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து, அதை அவருக்குப் போட்டுவிட வேண்டும்.

அவன் விழுந்தபோது தலையில் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். மதியம் மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து ஏறுகிற நேரம்தான் அதற்குச் சரியான நேரம். அவன் விழுந்த இடத்தில் சோளக் கள்ளைத் தெளித்தேன். "இலாரியோ சுத்தா! வா, வீட்டுக்கு வா. அங்க நிக்காத. அங்க உனக்கு யாரும் இல்ல. அடுப்பு எரியுது, வா, போலாம்" என்று கூப்பிட்டேன்.

ஒரே தடவைதான் கூப்பிட்டேன். கையிலிருந்த தொப்பி நனைந்த மாதிரி கனத்தது.

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. தொப்பியை இழுத்துக்கொண்டு வேக வேகமாக இறங்கினேன். இலாரியோ என்றைக்கு நான் கூப்பிட்ட உடனே வந்திருக்கிறான்? சாப்பிடக் கூப்பிட்டால் சூப் ஆறிய பிறகு வருகிறவன். அது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

தொப்பியைத் தலையில் வைத்ததும் கண்ணைத் திறந்தான். எழுந்து உட்கார்ந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான், கூரையை, ஜன்னலை, சுவரில் தொங்கும் சிலுவையை. பிறகு என்னைப் பார்த்து, "பசிக்கிறது, பெண்ணே" என்றான். சூப்பை வாயில் வைத்ததும் துப்பினான்.

"எரிகிறது."

"என்னய்யா எரியுது? எப்பவும் போடுற உப்புதான?"

"உப்பு வேண்டாம்" என்றான். அவித்த உருளைக்கிழங்கை வெறுமனே தின்றான். நிறையத் தின்றான். தேறிவிட்டான், வேறென்ன வேண்டும் என்று நான் மலை ஐயாவுக்கு நன்றி சொன்னேன்.

அடுத்த வாரமே அவன் எழுந்து நடமாடினான். ஊரே வந்து பார்த்தது. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் நெஞ்சுக்குள் ஏதோ நெருடியது. வெயிலில் வர மாட்டேன் என்றான். வந்தாலும் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு நிழலோரமாகவே நடந்தான். பேச்சு எங்கள் பேச்சுத்தான், ஆனால் அதில் ஒரு ஸ்பானிஷ் சொல்கூடக் கலக்கவில்லை. ஸ்பானிஷில் மட்டுமே பெயருள்ள ஜன்னலையும் சக்கரத்தையும் சாவியையும் பெயர் சொல்லாமல் கையால் காட்டினான்.

கழுதைகளிடம்தான் பெரிய வேடிக்கை. எங்கள் பெரிய கோவேறு கழுதையின் பெயர் டாக்டரம்மா. யாரையும் மதிக்காது, எல்லாரையும் கடிக்கும், இலாரியோ காதுக்குப் பின்னால் சொறிந்தால் மட்டும் கண் சொருகி, கீழுதடு தொங்கி நடுங்க நிற்கும். அது தொழுவத்திலிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததும் என் புருஷன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். அப்படி ஒரு மிருகத்தை வாழ்நாளில் பார்க்காதவன் போல நடுங்கினான். டாக்டரம்மாவும் காதை மடக்கிக்கொண்டு பின்னால் போனது.

"கழுதைக்காரன் கழுதையப் பாத்து பயப்படுறதா? ஊர்ல சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

பொய் சொல்ல மாட்டேன், நல்லவனாகவும் இருந்தான். குடிக்கவில்லை. கத்தவில்லை. இடிந்து கிடந்த தொழுவச் சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்டினான். கல்லைக் கையில் வைத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், பிறகு ஒரே தடவையில் வைப்பான். சேறு பூசவில்லை. இடுக்கில் என் கத்தி முனை நுழையவில்லை.

"குடிய விட்டுட்டான், சொவரு கட்டுறான், வாயத் தொறக்கல. ஒனக்கு இன்னும் என்ன கொறைங்கிறேன்?" என்றாள் புருதென்சியா. "என் வீட்டு ஆளு இப்பிடித் திருந்துனா நான் மெழுகுவத்தி ஏத்துவேன்."

"என்னைக் கிளின்னு கூப்பிட மாட்டேங்கிறாரு, மதினி."

"அது ஒரு கொறையா?"

குறைதான். எப்படிச் சொல்வது அவளுக்கு? ஒரு பிற்பகல் நான் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தேன். அவன் நிழலில் உட்கார்ந்து கணவாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கே குளிர்" என்றான்.

"எங்க?"

என் பக்கம் திரும்பி, "உன் முழுப்பெயர் என்ன?" என்று கேட்டான். கட்டிய புருஷன் கேட்கிற கேள்வியா? சிரித்துக்கொண்டே சொன்னேன். மெல்ச்சோரா என்று மெதுவாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தான், கல்லைக் கையில் வைத்துத் திருப்புகிற மாதிரி. அவ்வளவு அழகாக அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

பொலிவியாவையெல்லாம் சுற்றிவிட்டு கஸ்தோன் திரும்ப வந்தான். போன தடவை பாதியில் இறங்கிவிட்டோம், வைராமார்க்காவை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றான். என் புருஷன் கழுதையைத் தொட மாட்டான், அதனால் புருதென்சியா கழுதையை ஓட்ட, நான் சமைக்க, மூன்று பேரும் ஏறினோம். கணவாயில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது கஸ்தோன் கைபேசியை நீட்டினான்.

"சமையலம்மா, இத பாருங்க. உங்க வீட்டுக்காரர் எப்பிடிச் சிரிக்க வச்சாரு தெரியுமா? கல்லு விழுறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்தது."

பார்த்தேன். மேல் தட்டுச் சுவரின் மாடத்துக்குள் எப்போதும் இருக்கிற பழைய மண்டையோடு. அதன் தலையில் இலாரியோவின் தொப்பி. பக்கத்தில் வெறுந்தலையோடு இலாரியோ, அதன் தோளில் கை போடுகிற பாவனையில், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

"இவருதான் என் மச்சான், இவருக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்னாரு" என்று கஸ்தோன் சொல்லிச் சிரித்தான்.

அந்தத் தொப்பி இரண்டு பேர் தலையில் இருந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நான் கூப்பிட்டிருக்கிறேன். ஒரே தடவையில் கூப்பிட்டதும் வந்தவர் யார் என்று இப்போது தெரிந்தது. புருதென்சியா படத்தை எட்டிப் பார்த்தாள். கோக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு என் வீட்டில் இருக்கிறவரை அவன் என்று சொல்லவே எனக்கு வாய் கூசியது. எத்தனை காலத்து மனிதரோ.

வைராமார்க்காவுக்குள் நுழைந்ததும் டாக்டரம்மா புருதென்சியாவின் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு மேல் தட்டுக்குப் போனது. நாங்கள் பின்னால் ஓடினோம். இலாரியோ விழுந்த சுவரடியில் போய் நின்றது. அங்கே யாரும் இல்லை. புல்லும் கல்லும்தான். டாக்டரம்மா கழுத்தை நீட்டி, தலையைத் தாழ்த்தி, ஒரு காதைச் சாய்த்துக் கொடுத்தது. கண் சொருகியது. கீழுதடு தொங்கி நடுங்கியது.

புருதென்சியா சிலுவை போட்டுக்கொண்டாள். "தம்பி" என்றாள்.

நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வாரம் இந்தக் குளிரில் நின்றிருக்கிறான் என் புருஷன். நான் கீழே வேறொருவருக்குக் கிழங்கு அவித்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கல் விழுந்த அன்று காலையில் வெயில் தாங்காமல் இலாரியோ தன் சிவப்புக் கழுத்துத்துணியை அவிழ்த்து டாக்டரம்மாவின் சேணத்தில் கட்டியிருந்தான். அவிழ்க்கப் போன யாரையும் அது விட்டதில்லை. வீட்டிலிருந்தவர் அதன் அருகிலேயே போனதில்லை. அதனால் அந்தத் துணி அவனுடையது மட்டும்தான். கழுதை வாசனையும் அதில் இருக்கும். வந்தால் வரட்டும், டாக்டரம்மாவும் எங்கள் வீட்டு ஆள்தான். நான் அவிழ்த்தேன். அது கடிக்கவில்லை.

மூடுபனி ஏறத் தொடங்கியிருந்தது. கஸ்தோனைக் கூடாரத்துக்கு அனுப்பிவிட்டு, புருதென்சியாவைக் காவலுக்கு வைத்தேன். கூப்பிட ஆரம்பித்தேன். "இலாரியோ சுத்தா! வா, வீட்டுக்கு வா. அங்க நிக்காத. அங்க உனக்கு யாரும் இல்ல." வரவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். தொண்டை கட்டிப்போனது. கெஞ்சினேன், திட்டினேன், அவன் ஆத்தாளைத் திட்டினேன். கடைசியில் துணி லேசாக இழுபட்டது, வேண்டாவெறுப்பாக, தூக்கத்திலிருந்து எழுப்பின மாதிரி. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இவன்தான். இவன் இப்படித்தான் வருவான்.

திரும்பி நடக்கப் போனவள் மாடத்தைப் பார்த்துவிட்டேன். காற்று நேராக அதற்குள்தான் அடித்தது. மண்டையோட்டின் மேல் உறைபனி படிந்திருந்தது. அங்கே குளிர் என்று நிழலில் உட்கார்ந்து சொன்னவரின் முகம், என் புருஷனின் முகம்தான், கண் முன்னால் வந்தது. தொழுவச் சுவரைக் கட்டினவர். என்னை ஒரு சொல் கடிந்து பேசாதவர். அவரை நான் திரும்ப இதற்குள் தள்ளப் போகிறேன். வெறுமனே தள்ள எனக்கு மனம் வரவில்லை. தோளில் கிடந்த என் சால்வையை எடுத்து மண்டையோட்டைச் சுற்றிப் போர்த்தினேன்.

"ஏ புள்ள, என்ன பண்ற? ஒன் துணிய அங்க வைக்காத!" என்று புருதென்சியா கீழிருந்து கத்தினாள்.

கேட்டது. அதற்குள் துணி என் கையில் மறுபடி இழுபட்டது, விட்டால் இவன் நழுவிவிடுவான் என்று பயம் வந்துவிட்டது. சால்வையை விட்டுவிட்டு நடந்தேன். வழி நெடுக முதுகுக்குப் பின்னால் அவன் முணுமுணுப்பு. "ஏ கிளி, மெல்லப் போடி. முட்டி வலிக்குது. திரும்பிப் பாத்தா என்ன, நான் என்ன பேயா?" நான் திரும்பவில்லை. சிரிப்பும் அழுகையுமாக இறங்கினேன்.

வீட்டில் அவர் வாசல் நிழலில் நின்றிருந்தார். என் கையிலிருந்த சிவப்புத் துணியைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"போக வேண்டுமா?" என்றார்.

"ஆமாய்யா. இது அவரு ஒடம்பு. என்னை மன்னிச்சிருங்க."

"அங்கே குளிர், பெண்ணே."

"என் சால்வையப் போத்திட்டு வந்திருக்கேன்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நீ உடுத்திய துணியா?"

"ஆமா."

அத்தனை வாரத்தில் முதல் தடவையாக அவர் சிரித்தார். என் புருஷனின் வாய், ஆனால் சிரிப்பு அவனுடையது இல்லை. தொப்பியை அவரே கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கழுத்தை நீட்டினார். சிவப்புத் துணியைக் கட்டினேன்.

உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது. "ஏ கிளி! பசி உயிர் போகுது. என்னடி கெழங்கு இது, உப்பே இல்ல?" என்றான் இலாரியோ, பானையில் கிடந்ததைக் கடித்துப் பார்த்துவிட்டு. நான் அவனைக் கட்டிக்கொண்டு முதுகில் நாலு சாத்துச் சாத்தினேன். தொப்பியை அடுப்பில் போட்டேன். டாக்டரம்மா திரும்பி வந்ததும் அவனை மோந்து பார்த்துவிட்டுச் செல்லமாகக் கடித்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷம் யார் வீட்டிலும் இருந்திருக்காது.

அடுத்த சில நாளிலேயே இலாரியோ சூப்பைத் தள்ளி வைத்தான். "என்னடி, உப்பு மூட்டையையே கவுத்துட்டியா?"

நான் ருசி பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு பிடி உப்பை அள்ளி வாயில் போட்டேன். மணல் மாதிரி இருந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. மதியத்தில் மூடுபனி ஏறுகிற நேரமெல்லாம் கணவாய்ப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. "மெல்ச்சோரா. வா, வீட்டுக்கு வா. அங்கே நிற்காதே. அங்கே உனக்கு யாரும் இல்லை." என் சொற்கள்தான், ஒன்றுகூட மாறவில்லை. முதல் தடவை நான் கூப்பிட்டதைக் கேட்டு வந்தவர் அவர்தானே.

ஒரு மதியம் எழுந்து போனேன். வாசலைத் தாண்டியபோது தாங்காமல் திரும்பிப் பார்த்தேன். அடுப்பின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன், கையில் அகப்பையோடு, வாய் லேசாகத் திறந்தபடி. சூப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

இங்கே அவ்வளவு குளிர் இல்லை. சால்வை இரண்டு பேருக்கும் போதும். அவர் தொந்தரவு எதுவும் செய்வதில்லை, பேசுவதுகூடக் குறைவு. ஆனால் எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். என் அடுப்புக்கு, என் வாயாடிப் புருஷனுக்கு, உப்புக்கு. நான் எழுந்து நாலு எட்டு வைத்தால் அவர் மெதுவாக மெல்ச்சோரா என்கிறார். கால் தானாகத் திரும்பி வந்துவிடுகிறது.

இன்று இலாரியோ வந்திருக்கிறான். தொப்பி இல்லாமல், டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டு. கையில் என் அகப்பை. கெட்டிக்காரன், துணியையாவது மற்றவர் தொடுவார்கள், அதை நான் யாரையும் தொட விட்டதில்லை. புருதென்சியா சொல்லி அனுப்பியிருப்பாள். சோளக் கள்ளைத் தெளிக்கிறான். டாக்டரம்மா நேராக என்னிடம் வந்து கழுத்தை நீட்டுகிறது. நான் காதுக்குப் பின்னால் சொறிகிறேன், அதன் கீழுதடு தொங்குகிறது. இலாரியோ அதைப் பார்த்துவிட்டான். நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. முழங்காலில் விழுந்து, அகப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் கண்ணீராக வாயைத் திறக்கிறான்.

"கிளி! ஏ கிளி! வாடி, வீட்டுக்கு வாடி!"

என் பெயரைச் சொல்லுய்யா என்று நான் அவன் காதருகில் கத்துகிறேன். பட்டப்பெயருக்கு அசைய முடியாது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். பயத்தில் அவனுக்கு வாய்ப்பழக்கம்தான் முந்திக்கொண்டு வருகிறது. கிளி, கிளி என்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறான். அகப்பை அவன் கையில் கனக்காமல் இருக்கிறது. பக்கத்தில் அவர் சால்வையை என் தோளில் இழுத்துப் போர்த்திவிடுகிறார். மூடுபனி கலையத் தொடங்கிவிட்டது. இலாரியோ இன்னும் என் பெயரைச் சொல்லவில்லை.